இம்யூனாலஜியில் பிஎச்.டி.: விண்ணப்பிக்கும் முன் 20 குறிப்புகள்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி முடித்துவிட்டு நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் நிறைய. படிப்பில் அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. எங்கே சேர்வது, எந்த மாதம் விண்ணப்பிப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று சொல்லித்தரத்தான் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. வீட்டிலேயே முதல் பட்டதாரியாக இருப்பவர்களுக்கு இது இன்னும் சிரமம். அவர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். "எனக்கு இம்யூனாலஜி பிடிக்கும்" என்றால் போதாது. காசநோய், தடுப்பூசி, புற்றுநோய், ஆஸ்துமா, உறுப்பு மாற்று, முடக்குவாதம் எல்லாமே இந்தத் துறைக்குள் வருகின்றன. இதில் உங்களை இழுப்பது எது? ஓர் உதாரணம் பாருங்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. பிரிட்டனில் நன்றாகப் பலித்த ஊசி இங்கே ஏன் பலிக்கவில்லை? மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் நம் உடலை முன்னமே பழக்கிவைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. நம் ஊர் மக்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதால் பிறந்த கேள்வி இது. இப்படி ஒரு கேள்வி உங்கள் மனதில் ஒட்டிக்கொண்டால், அதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. துறையின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். வாசல் பலகையில் "இம்யூனாலஜி" என்று எழுதியிருக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, கால்நடை அறிவியல், கண் மருத்துவம் என்று பல கூரைகளின் கீழ் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. "டி செல் நினைவு", "மேக்ரோஃபேஜும் காசநோயும்" என்று உங்கள் கேள்வியின் சொற்களைப் பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளில் கடைசிப் பெயராக வருபவர் பெரும்பாலும் அந்த லேபின் தலைவர். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பாருங்கள். இருபது பெயர் சேர்ந்துவிட்டால் அதுதான் உங்கள் பட்டியல்.

3. வாசலுக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சென்னை சேத்துப்பட்டில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய இடம். காசநோயின் நோயெதிர்ப்பைப் படிக்க நோயாளிகளின் மாதிரிகளோடு வேலை செய்யும் வாய்ப்பு அங்கே உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் ரோட்டா வைரஸ் ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அங்கே பணியாற்றிய ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பன் தலைமையில் ஓணானின் தைமஸையும் மண்ணீரலையும் வைத்து ஊர்வனவற்றின் நோயெதிர்ப்பைப் படித்தார்கள். வேலியோரத்து ஓணானிலிருந்து உலகத் தரத்தில் கட்டுரைகள் வந்தன. இந்த மண்ணில் இதெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

4. வெளி மாநிலத்தில் பார்க்க வேண்டிய முதல் இடம் புதுடில்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், என்.ஐ.ஐ. 1981-ல் உருவானது. அதை வளர்த்தெடுத்த ஜி.பி. தல்வார் தொழுநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சிக்காக அறியப்பட்டவர். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., ஃபரிதாபாத் டி.எச்.எஸ்.டி.ஐ., புவனேஸ்வர் ஐ.எல்.எஸ்., திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், புனே, மொஹாலி ஐசர்கள் என்று பட்டியல் நீளும். புற்றுநோய் பக்கம் ஆசை இருந்தால் மும்பையைப் பாருங்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, மாற்றியமைத்து, திரும்ப அவருக்கே ஏற்றும் சிகிச்சை அது. இந்தியாவிலேயே உருவானவற்றில் அதுதான் முதலாவது.

5. தேர்வுகளின் மாதங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்சஸ் ஆண்டுக்கு இரண்டு முறை. ஜூன் தேர்வு, டிசம்பர் தேர்வு என்று பெயர், நடக்கும் தேதி முன்னே பின்னே ஆகும். ஜேகீபில்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் உயிரியல் கூட்டு நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில் வரும், என்.சி.பி.எஸ்., என்.ஐ.ஐ. உட்படப் பல நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. இவை தவிர, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்காக டி.பி.டி. நடத்தும் பெட் தேர்வு, ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வு, கேட். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். கல்லூரி முடியட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு வீணாகப் போகும்.

6. நெட் தேர்வுக்கு இம்யூனாலஜி மட்டும் படித்தால் தேற முடியாது. பாடத்திட்டத்தின் 13 அலகுகளில், நான்காவது அலகின் ஒரு பகுதிதான் அது. ஆனால் 13-வது அலகான ஆய்வு முறைகளை விடாதீர்கள். எலைசா, ஃப்ளோ சைட்டோமெட்ரி, மைக்ராஸ்கோப்பி எல்லாம் அங்கே வருகின்றன, நேர்காணலிலும் அவையேதான் கேட்கப்படும். தேர்வு 3 மணி நேரம், 200 மதிப்பெண். சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஆகவே சி பகுதியில் எந்தக் கேள்வியை விடுவது என்று தெரிவதும் ஒரு திறமை. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்த்தால்தான் அது கைவரும்.

7. எலியோடு வேலை செய்ய மனம் ஒப்புமா என்று உங்களையே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. நோயெதிர்ப்பு ஆராய்ச்சியின் பெரும்பகுதி எலிகளை வைத்து நடக்கிறது. ஊசி போடுவீர்கள், ரத்தம் எடுப்பீர்கள், முடிவில் அதைக் கொன்று மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் எடுப்பீர்கள். ஒழுங்காக நடக்கும் இடத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வலி குறைக்கும் முறைகளும் உண்டு. அப்படியும் சிலருக்கு மனம் ஒப்பாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனித ரத்த மாதிரிகளை வைத்து வேலை செய்யும் லேப்கள் இருக்கின்றன. கணினி வழியாக செல் தரவுகளை அலசும் லேப்களும் இருக்கின்றன. இன்னொன்று: எலியின் சிறுநீர், செதில் வழியாக ஒவ்வாமை வருவது இந்தத் தொழிலில் சகஜம். ஏற்கெனவே ஆஸ்துமா, எக்சிமா இருப்பவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

8. சேரும் முன் ஆறு மாதமாவது ஒரு லேபில் இருந்து பாருங்கள். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. முடித்தபின் புராஜெக்ட் அசோசியேட் வேலை கிடைத்தாலும் நல்லதுதான். "ஒரு வருடம் போய்விடுமே" என்று வீட்டில் கவலைப்படுவார்கள். அந்த ஒரு வருடம் பிஎச்.டி.யில் இரண்டு வருடத் தடுமாற்றத்தைத் தவிர்க்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். செல்லை உயிரோடு வளர்க்கக் கற்றவர், ஒரு பரிசோதனை ஏன் சொதப்பியது என்று தானாகக் கண்டுபிடித்தவர், விண்ணப்பத்தில் தனியாகத் தெரிவார்.

9. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட கைடு முக்கியம். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் உங்கள் காலையும் மாலையும் அவர் லேபில்தான். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும் தளம். கைடின் பெயரைப் போட்டால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த ஆண்டும் முடித்த ஆண்டும் இருந்தால் கழித்துப் பாருங்கள். முன்னுரையும் நன்றியுரையும்கூடப் படியுங்கள். லேபில் யார் யாருக்கு உதவினார்கள் என்று அதில் தெரியும். இரண்டு, பப்பியர். கட்டுரைகளில் உள்ள படங்களையும் தரவுகளையும் மற்ற விஞ்ஞானிகள் கேள்வி கேட்கும் இடம் அது. ஒரு கேள்வி இருந்தால் பதற வேண்டாம், அதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். பல கட்டுரைகளில் கேள்வி இருந்து, பதிலே இல்லையென்றால் வேறு லேப் பாருங்கள். மூன்றாவது இடம் கட்டுரைகளேதான். மாணவர்கள் முதல் பெயராக வருகிறார்களா என்று கவனியுங்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒருவர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். இடம் இருக்கிறதா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்பதில் தவறில்லை.

10. லேபில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கைடு எதிரே பேசினால் எல்லாம் நன்றாகவே இருக்கும். "சார் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "அக்கா, கடைசியாக யார் முடித்தார்கள்? எத்தனை வருடம் ஆயிற்று? இப்போது எங்கே இருக்கிறார்கள்?" "ஆன்டிபாடி தீர்ந்துபோனால் எத்தனை நாளில் வாங்கித் தருவார்கள்?" "சைட்டோமீட்டர் சொந்த மெஷினா, முறை வைத்து எடுக்க வேண்டுமா? ரிப்பேர் ஆனால்?" "பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா?" கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பதில் சொன்னால், அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் இரவு வேலை, விடுதி தூரம், திரும்பிவர வண்டி ஆகியவற்றையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

11. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையாருக்கு" என்று பொதுவாகத் தொடங்கி நூறு பேருக்கு அனுப்பும் கடிதங்கள் திறந்த வேகத்தில் குப்பைக்குப் போகும். பெயரைச் சொல்லி அழையுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எப்போது சேர விரும்புகிறீர்கள். அடுத்த மூன்று வரியில் அவருடைய ஒரு கட்டுரையைச் சொல்லி, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. பாராட்டு வேண்டாம், கேள்வி போதும். பிறகு நீங்கள் கையால் செய்த வேலை இரண்டு வரி, நெட் அல்லது வேறு தகுதி ஒரு வரி, இணைப்பாக சி.வி. அவ்வளவுதான். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

12. அமெரிக்காவில் முறையே வேறு. பெரும்பாலான இடங்களில் கைடிடம் நேரடியாகச் சேர மாட்டீர்கள், திட்டத்தில் சேர்வீர்கள். முதல் ஆண்டில் வழக்கமாக மூன்று லேப்களில் சில வாரங்கள் இருந்து பார்த்து, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு வாக்கில் தகுதித் தேர்வு. முடிக்க ஐந்து, ஆறு ஆண்டுகள். கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மாதச் செலவுக்கான பணம் மூன்றையும் திட்டமே ஏற்கும். ஆகவே ஒரு திட்டத்தில் உங்களுக்குப் பிடித்த லேப் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. நான்கு இருக்க வேண்டும். யேலில் இம்யூனோபயாலஜிக்கே தனித் துறை இருக்கிறது. உலகம் முழுக்கப் படிக்கப்படும் பாடப்புத்தகத்தை எழுதிய சார்லஸ் ஜேன்வே அங்கே இருந்தவர். நோயெதிர்ப்பு நினைவைப் படிக்க ஆசையென்றால் அட்லாண்டாவின் எமோரியைப் பாருங்கள். அங்குள்ள தடுப்பூசி மையத்தை வளர்த்த ரஃபி அகமது ஹைதராபாத் உஸ்மானியாவில் படித்தவர். ஒரு சின்ன எச்சரிக்கை: சியாட்டிலில் இருப்பது யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன், செயின்ட் லூயிஸில் இருப்பது வாஷிங்டன் யுனிவர்சிட்டி. இரண்டிலும் இம்யூனாலஜி பிஎச்.டி. உண்டு. விண்ணப்பத்தில் ஒன்றின் பெயரைப் போட்டு மற்றதற்கு அனுப்பிவிடாதீர்கள்.

13. அமெரிக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசின் என்.ஐ.எச். தரும் டி-32 என்ற பயிற்சி நிதியில் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே சேரலாம். அதனால்தான் நம் மாணவர்களுக்கான இடங்கள் பல திட்டங்களில் மிகக் குறைவு. விண்ணப்பிக்கும் முன், இப்போதுள்ள மாணவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேர் என்று திட்ட அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்; சொல்வார்கள். 2025-ல் ஆராய்ச்சி நிதி நெருக்கடியால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவருடைய நிதி எந்த ஆண்டு முடிகிறது என்று தெரியும். இலவசம்தான். ஐந்து நிமிட வேலை.

14. அமெரிக்கா மட்டுமே வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் இம்யூனோபயாலஜி நிறுவனம் இருக்கிறது. அதோடு சேர்ந்து பன்னாட்டு மாணவர்களுக்கான பிஎச்.டி. பள்ளியும் இயங்குகிறது. எம்.எஸ்சி. அவசியம், சம்பள ஒப்பந்தம் உண்டு, மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். எம்.எஸ்சி. கையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான வழி என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னும் இந்தத் துறையின் பழைய வீடு. டி செல் எப்படி வைரஸ் தொற்றிய செல்லை அடையாளம் காண்கிறது என்று கண்டுபிடித்து 1996-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான பீட்டர் டோஹர்ட்டியின் பெயரில் அங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது.

15. நோக்கக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். நீங்கள் செய்த ஒரு பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, அதைப் பார்த்து அடுத்து என்ன செய்தீர்கள். ஒரு பத்தி இதற்கே போகட்டும். ஒரு மாணவி தன் எம்.எஸ்சி. திட்டத்தில் முடிவு ஒன்றும் வரவில்லையே, எதை எழுதுவது என்று கலங்கி நின்றாள். கல்லூரியில் கரன்ட் போய்ப் போய் வந்ததில் இன்குபேட்டரின் வெப்பநிலை மாறியதை அவளே கண்டுபிடித்து, இரண்டு மணிக்கொரு முறை அளவெடுத்துப் பதிவு வைத்திருந்தாள். அதையே முதல் பத்தியாக எழுதச் சொன்னேன். நேர்காணலில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். கடைசிப் பத்தியில் அந்தத் திட்டத்தில் யார் யாருடைய லேபில், எதற்காக வேலை செய்ய ஆசை என்று இடத்துக்கு இடம் மாற்றி எழுதுங்கள். ஆங்கிலத்தைத் திருத்த யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேளுங்கள். சிந்தனை உங்களுடையதாக இருக்கட்டும்.

16. பரிந்துரைக் கடிதம் கேட்க ஆறு வாரம் முன்னால் போங்கள். மூன்று பேர் தேவை. அதில் ஒருவராவது நீங்கள் வேலை செய்ததை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். பதவியில் பெரியவர், ஆனால் உங்களைத் தெரியாதவர் என்றால் அந்தக் கடிதம் எடுபடாது. கேட்கும்போதே சி.வி., மதிப்பெண், நோக்கக் கட்டுரை, கடைசித் தேதிகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். பல தளங்கள் கல்லூரி முகவரியிலிருந்து வரும் கடிதத்தைத்தான் மதிக்கும்; உங்கள் மேடத்துக்குக் கல்லூரி மின்னஞ்சல் இல்லையென்றால், அதை உருவாக்கித் தரச் சொல்லி அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

17. பெயர், இனிஷியல், பாஸ்போர்ட். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. சான்றிதழில் "மீனா. கே" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் மீனா என்பது குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்றெழுத்து விழும். பெயர் தெரியாதவர் என்பதற்கான குறியீடு அது. வங்கிக் கணக்கு, சம்பளம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது தொடர்ந்து வரும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தயாராக இருக்கட்டும்.

18. செலவைக் குறைக்க வழி உண்டு. அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் ஓர் இடத்துக்குப் பொதுவாக 75 முதல் 100 டாலர் வரை. எட்டு இடம் என்றால் அரை லட்ச ரூபாயைத் தாண்டும். கட்டண விலக்கு கேட்டு எழுதுங்கள், சில இடங்களில் தருவார்கள். ஜி.ஆர்.இ. இப்போது பெரும்பாலான திட்டங்களில் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலை இடம் கிடைத்த பிறகு அனுப்பினால் போதும் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஆனால் நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் அதை வாங்க வாரக்கணக்கில் ஆகும், ஒரு செட் முன்பே வாங்கி வையுங்கள். ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்கள் பக்கமும் போகாதீர்கள். அந்தக் கட்டுரை உங்கள் சி.வி.க்குக் கேடு.

வீட்டில் "இன்னும் எத்தனை வருடம் படிப்பு?" என்று கேட்டால் கணக்கைக் காட்டுங்கள். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. கடன் வாங்கிப் படிக்கும் படிப்பு இல்லை இது. ஒன்று மட்டும்: உதவித்தொகை மாதாமாதம் வராமல் சேர்ந்து வருவதும் உண்டு. மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு சேருங்கள்.

19. நேர்காணலில் உங்கள் சொந்த வேலையைத்தான் தோண்டுவார்கள். இப்படிப் போகும்:

"எலைசா செய்தீர்களா?"

"ஆமாம், மேடம்."

"பிளாங்க் வெல்லில் என்னென்ன போட்டீர்கள்?"

இங்கேதான் பலர் திணறுகிறார்கள். கிட்டில் சொன்னபடி செய்தேன் என்பது பதில் ஆகாது. "சாம்பிளுக்குப் பதில் பஃபர் மட்டும், மேடம். கான்ஜுகேட், சப்ஸ்ட்ரேட் எல்லாம் மற்ற வெல்லில் போட்டது போலவே."

"ஏன்?"

"கான்ஜுகேட் தானாகப் பிளேட்டில் ஒட்டி நிறம் கொடுத்தால் அது பிளாங்க்கில் தெரியும். அதைக் கழித்துவிட்டுத்தான் சாம்பிளைப் பார்க்க வேண்டும்."

இந்த ஒரு "ஏன்" எல்லாப் படிக்கும் வரும். ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்திருந்தால், கேட்டை எந்த இடத்தில் போட்டீர்கள், எந்த கண்ட்ரோலை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "யோசித்துப் பார்க்கட்டுமா, சார்?" என்று கேட்டு வாய்விட்டு யோசியுங்கள், அவர்கள் பார்க்க விரும்புவதே அதைத்தான். அமெரிக்க நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியில் இணையவழியில் நடக்கும், நமக்கு இரவாக இருக்கும். பவர்கட் ஆனால் என்ன செய்வது என்று முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை, மெதுவாகப் பேசுங்கள். இடம் கிடைத்தால் அமெரிக்கத் திட்டங்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. வேண்டாத இடங்களுக்கு உடனே எழுதிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது போகும்.

20. இடம் உறுதியானதும் உங்கள் தடுப்பூசிக் கணக்கைத் தொடங்குங்கள். மனித ரத்தத்தைத் தொடும் லேபில் சேர்வதென்றால் ஹெபடைடிஸ் பி ஊசி அவசியம். முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சேரும் வாரத்தில் தொடங்கினால் ஆறு மாதம் அரைகுறைப் பாதுகாப்போடு வேலை செய்ய நேரும். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். ஊசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கும். குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்குத் தோலில் செய்யும் பரிசோதனை நோயே இல்லாமலும் பாசிட்டிவ் காட்டலாம். எக்ஸ்ரே, மாத்திரை என்று அலைய வேண்டிவரும். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழைய தடுப்பூசி அட்டை அம்மாவிடம் இருந்தால் இப்போதே வாங்கி, இரண்டு பக்கமும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள்.